சறுக்கிய சூப்பர் ஸ்டார்கள்: உங்களுக்குத் தெரியுமா?

பாட்டு சி.டி.யை அரைத்து ரோடு போடுவார்களா? போடுவார்கள்! பிரிட்டனின் செல்லப்பிள்ளை ராபி வில்லியம்ஸ் 2006-ல் வெளியிட்ட ஆல்பம் 'ரூட்பாக்ஸ்'. விற்காமல் தேங்கிய சி.டி.க்களைச் சீனாவுக்கு அனுப்பி, நொறுக்கி, சாலை போடவும் தெருவிளக்கு அமைக்கவும் பயன்படுத்தப் போவதாக 2008-ல் செய்தி வந்தது. எத்தனை சி.டி. தெரியுமா? 10 லட்சத்துக்கும் மேல்!

அதைவிட ஆச்சரியம், அது ஓடாத ஆல்பமே இல்லை. வெளியான வாரத்தில் பிரிட்டனில் நம்பர் ஒன்!

நம்பர் ஒன் என்றதும் இன்னொன்று. கிறிஸ்டினா அகிலெராவின் 'பயோனிக்' 2010-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அடுத்த வாரம் எந்த இடம்? 2? 5? 10? இல்லை, 29!

ரோலிங் ஸ்டோன்ஸ் மிக் ஜாகர் உலகறிந்த முகம். 2001-ல் அவருடைய தனி ஆல்பம் 'காடஸ் இன் தி டோர்வே' வந்தது. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. வெளியான அன்று பிரிட்டன் முழுக்க விற்றது எத்தனை தெரியுமா? வெறும் 954!

ஒயேசிஸ் குழுவின் கதையோ நேரெதிர். 1997 ஆகஸ்ட் 21. 'பீ ஹியர் நவ்' வெளியான நாள். ஒரே நாளில் 4 லட்சத்து 24 ஆயிரம்! சனிக்கிழமை கடை மூடும்போது 6 லட்சத்து 63 ஆயிரம்! பிரிட்டனில் அதுவரை எந்த ஆல்பமும் இந்த வேகத்தில் விற்றதில்லை. 2015-ல் அடேல் வந்துதான் அந்தச் சாதனையை உடைத்தார்!

வெளியாகும் முன்பு கெடுபிடி எப்படி இருந்தது தெரியுமா? பாட்டைக் கேட்ட பத்திரிகையாளர்கள் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. வீட்டில், படுக்கையில், துணையிடம்கூட! கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கேட்கவே விட்டார்கள்!

விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். சில மாதங்கள்தான். அதன் பிறகு பழைய சாமான் கடைகளில் அடிக்கடி கண்ணில் படும் சி.டி. எது என்றால், அதே ஆல்பம்! பாட்டுகளை எழுதிய நோயல் கேலகருக்கே அது பிடிக்காமல் போனது!

அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டில் கிட்டார் வாசித்தவர் யார் தெரியுமா? ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்! இன்னொரு பாட்டு ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஓடும். பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டுகளிலேயே அதுதான் மிக நீளம்!

பீட்டர் ஃப்ராம்ப்டனின் 1976 மேடை ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 80 லட்சம். அடுத்த வருடமே வந்த 'ஐ'ம் இன் யூ' 10 லட்சத்தைத் தாண்டியது. எந்தப் பாடகருக்கும் அது திருவிழா. இவருக்குத் தோல்வி!

அதற்கடுத்த வருடம் அவருக்கு இன்னும் பெரிய அடி. பீட்டில்ஸ் பாட்டுகளை வைத்து 'சார்ஜென்ட் பெப்பர்' என்று ஒரு படம். நடித்தவர்கள் ஃப்ராம்ப்டனும் பீ ஜீஸும். பீட்டில்ஸுக்கு வாத்தியாராக இருந்த ஜார்ஜ் மார்ட்டினே இசைத்தட்டைத் தயாரித்தார். கடைகளுக்கு லட்சக்கணக்கில் அனுப்பினார்கள். லட்சக்கணக்கில் திரும்பி வந்தன! 'போனது பிளாட்டினம், வந்தது டபுள் பிளாட்டினம்' என்று தொழிலில் உள்ளவர்கள் பேசிக்கொண்டது இந்த இசைத்தட்டைப் பற்றித்தான்!

ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' அமெரிக்காவில் 31 வாரம் நம்பர் ஒன். அடுத்து என்ன செய்தார்கள்? 10 லட்சம் டாலருக்கு மேல் கொட்டி 'டஸ்க்' எடுத்தார்கள். 1979-ல் அந்தத் தொகை ராக் உலகம் காணாதது!

தலைப்புப் பாட்டுக்குச் சாதாரண ஸ்டுடியோ போதவில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர் ஸ்டேடியத்தையே பிடித்தார்கள். பல்கலைக்கழக பேண்டு வாத்தியக் குழு ஒன்று அணிவகுத்து நின்று வாசித்தது. மாணவர்கள் 112 பேர்!

அதை வீடியோவாகவும் எடுத்தார்கள். அந்தப் படப்பிடிப்புக்கு பேஸ் கிட்டார்காரர் ஜான் மெக்வீ வரவில்லை. ஊரிலேயே இல்லை. அதனால் என்ன? அவரைப் போல அட்டையில் வெட்டி, அந்தக் கட் அவுட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார்கள்! வீடியோவில் இப்போதும் பார்க்கலாம்!

'டஸ்க்' 40 லட்சம் விற்றது. கம்பெனி தலையில் கை வைத்து உட்கார்ந்தது! 40 லட்சம் விற்றும் தோல்வி என்று பேர் வாங்கிய ஆல்பத்தை வேறு எங்கே பார்ப்பீர்கள்? என்னைக் கேட்டால், 'ரூமர்ஸ்' கேட்டவர்கள் எல்லோரும் இதையும் ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும். அத்தனை துணிச்சல்!

செலவு என்றால் மைக்கேல் ஜாக்சனை விடலாமா? 'த்ரில்லர்' எடுக்க ஆன செலவு ஏழரை லட்சம் டாலர். 2001-ல் வந்த 'இன்வின்சிபிள்' எடுக்க ஆனதாகச் சொல்லப்படும் செலவு 3 கோடி டாலர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 மடங்கு!

'இன்வின்சிபிள்' வந்ததும் நம்பர் ஒன். ஆனால் 'த்ரில்லர்' விற்றதில் ஒரு சிறு பங்குதான் விற்றது. கம்பெனிக்கும் அவருக்கும் வெளிப்படையாகவே சண்டை. உயிரோடு இருக்கும்போது அவர் வெளியிட்ட கடைசி ஸ்டுடியோ ஆல்பம் அதுதான்!

எம்.சி. ஹேமர் நினைவிருக்கிறதா? தொளதொள பேன்ட் போட்டு ஆடினாரே, அவரேதான்! 1990-ல் அவருடைய ஆல்பம் அமெரிக்காவில் 21 வாரம் முதலிடம். விற்பனை ஒரு கோடி. அடுத்த ஆல்பம் 30 லட்சம். 1996-ல் திவால் மனு!

இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். தாமதத்துக்கு ஒரு மகாராஜா வருகிறார்!

கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் 'சைனீஸ் டெமாக்ரஸி'. 90-களில் ஆரம்பித்த வேலை. ரிலீஸ் 2008 நவம்பர் 23! நடுவில் பாடகர் ஆக்ஸல் ரோஸைத் தவிரப் பழைய கூட்டணியில் கிட்டத்தட்ட எல்லோரும் போய்விட்டார்கள். செலவு 1 கோடியே 30 லட்சம் டாலர் என்று 2005-லேயே 'நியூயார்க் டைம்ஸ்' எழுதிவிட்டது. அதற்குப் பிறகும் மூன்று வருடம் ஓடியது!

நடுவில் வந்து சேர்ந்த கிட்டார்காரர் பக்கெட்ஹெட். தலையில் கோழி வறுவல் பக்கெட்டைக் கவிழ்த்துக்கொண்டு வாசிப்பவர். அவருக்காக ஸ்டுடியோவுக்குள்ளேயே ஒரு கோழிக்கூண்டு கட்டிக் கொடுத்தார்கள். அதற்குள் உட்கார்ந்துதான் வாசித்தார்!

2008 மார்ச்சில் டாக்டர் பெப்பர் குளிர்பானக் கம்பெனி ஒரு பந்தயம் கட்டியது. 'இந்த வருடமே ஆல்பம் வந்துவிட்டால் அமெரிக்காவில் எல்லோருக்கும் ஒரு கேன் இலவசம்!' இரண்டே பேருக்குக் கிடையாது. யார் அந்த இருவர்? குழுவை விட்டுப் போன ஸ்லாஷ், பக்கெட்ஹெட்!

ஆல்பம் வந்தேவிட்டது! கூப்பன் வாங்க மொத்த நாடும் இணையதளத்தில் முட்டி மோதியது. தளம் படுத்துவிட்டது! ஆக்ஸல் ரோஸின் வக்கீல்கள் விடவில்லை. பெரிய பத்திரிகைகளில் முழுப் பக்க மன்னிப்பு வேண்டும் என்று கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள்!

அமெரிக்காவில் அந்த ஆல்பத்தை விற்கும் உரிமை ஒரே ஒரு கடைத்தொடருக்குத்தான். பெஸ்ட் பை. அவர்கள் வாங்கிக் குவித்தது 13 லட்சம். முதல் வாரம் விற்றது 2 லட்சத்து 61 ஆயிரம்!

சரி, உலகத்திலேயே அதிகம் திட்டு வாங்கிய ஆல்பம் எது? பலர் கை காட்டுவது ஒன்றைத்தான். லூ ரீட், 1975, 'மெட்டல் மெஷின் மியூசிக்'!

அதில் பாட்டு கிடையாது. வரி கிடையாது. தாளம் கிடையாது. கிட்டாரை ஸ்பீக்கர் முன்னால் நிறுத்தினால் வருமே ஒரு அலறல், அது மட்டும்தான். இரண்டு இசைத்தட்டு. மொத்தம் 64 நிமிடம்!

64 நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? முடியாது! நான்காவது பக்கத்தின் கடைசிப் பள்ளத்தை வட்டமாக மூடிவிட்டார்கள். முள்ளை நீங்கள் எழுந்து போய்த் தூக்கும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும்!

மூன்றே வாரத்தில் கம்பெனி ஆல்பத்தைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. அதற்கு முந்தைய வருடம் அதே மனிதரின் ஆல்பம் அமெரிக்காவில் முதல் பத்தில் இருந்தது!

27 வருடம் கழித்து, 2002-ல், பெர்லினில் ஓர் இசைக்குழு அந்த இரைச்சலை நோட்டு நோட்டாக எழுதி எடுத்தது. வயலின், செல்லோ, ஊதுகுழல் எல்லாம் வைத்து மேடையிலேயே வாசித்தது! மேடையில் கூடவே நின்றவர்? லூ ரீட்!

இந்த லூ ரீட் விஷயத்தில் நான் கண்டுபிடித்ததைக் கேளுங்கள். ஊர் திட்டிய ஆல்பங்களைத் தோண்டத் தோண்ட, திரும்பத் திரும்ப அவர்தான் வருகிறார்!

முகத்தில் சாயம் பூசிய கிஸ் குழு. 1981-ல் வராத ஒரு சினிமாவுக்கு 'மியூசிக் ஃப்ரம் தி எல்டர்' என்று இசை போட்டார்கள். அமெரிக்காவில் 75-வது இடத்தோடு நின்றது. ஊர் ஊராகப் போய் வாசிக்கவும் இல்லை. அதில் மூன்று பாட்டுகளுக்குக் கூட்டு எழுத்தாளர் யார்? லூ ரீட்!

டூரான் டூரான் குழு 1995-ல் பிறர் பாட்டுகளைப் பாடி 'தேங்க் யூ' வெளியிட்டது. எக்காலத்துக்கும் மோசமான ஆல்பம் என்று 2006-ல் 'க்யூ' பத்திரிகை அதற்கு முதலிடம் தந்தது. 'என் பாட்டை யாரும் இவ்வளவு நன்றாகப் பாடியதில்லை' என்ற பொருளில் அவர்களைப் பாராட்டியவர்? லூ ரீட்!

2011. மெட்டாலிகா குழு ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து 'லூலூ' வெளியிட்டது. கடைசிப் பாட்டு மட்டும் 19 நிமிடம். முதல் வாரம் அமெரிக்காவில் விற்றது சுமார் 13 ஆயிரம். கூட்டுச் சேர்ந்தவர் யாரென்று நான் சொல்லவே வேண்டாம்!

ஆனால் அந்த ஆல்பத்துக்கு ஒரு ரசிகர் இருந்தார். இதுதான் லூ ரீடின் மிகச் சிறந்த படைப்பு, புரிந்துகொள்ள நாளாகும் என்று அவர் சொன்னதாக லூ ரீடின் மனைவி லாரி ஆண்டர்சன் 2015-ல் மேடையிலேயே தெரிவித்தார். யார் அந்த ரசிகர்? டேவிட் போவி!

மெட்டாலிகாவின் 2003 ஆல்பம் 'செயின்ட் ஆங்கர்'. 75 நிமிடம். அதில் கிட்டார் சோலோ எத்தனை? பூஜ்யம்! டிரம்ஸ் சத்தம் தகர டப்பாவைத் தட்டுவது போலிருக்கிறது என்று ரசிகர்கள் இன்றுவரை புலம்புகிறார்கள். தலைப்புப் பாட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது!

அந்த ஆல்பம் எடுக்கும்போது குழுவுக்குள் சண்டை தீர்க்க ஓர் ஆலோசகரை வைத்திருந்தார்கள். சம்பளம் மாதம் 40 ஆயிரம் டாலர்!

'உன் பாட்டு உன் பாட்டு மாதிரி இல்லை' என்று ஒரு பாடகர் மீது அவருடைய கம்பெனியே வழக்குப் போட்டது தெரியுமா? 1983. பாடகர் நீல் யங். கம்பெனி கெஃபன். கேட்ட நஷ்ட ஈடு 33 லட்சம் டாலர்!

நடந்தது இதுதான். 'ட்ரான்ஸ்' ஆல்பத்தில் குரலை இயந்திரம் வழியாக விட்டு ரோபோ போலப் பாடினார். கம்பெனி திகைத்தது. அடுத்து நாட்டுப்புறப் பாணியில் ஒன்று கொடுத்தார். வேண்டாம், ராக் அண்ட் ரோல் கொடு என்றார்கள். கொடுத்தார்! 1950-களின் ராக் அண்ட் ரோல்! அதுவும் 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஆல்பம்!

அவர் பதிலுக்குக் கேட்டது 2 கோடியே 10 லட்சம் டாலர்! கடைசியில் இரண்டு வழக்கும் கைவிடப்பட்டன. முதலாளி டேவிட் கெஃபனே மன்னிப்புக் கேட்டார்!

அந்த ரோபோ குரலுக்குப் பின்னால் இருந்தது அவருடைய மகன். மூளை முடக்குவாதத்தால் பேச முடியாத பிள்ளை. பேச்சைப் புரியவைக்கத் தவிக்கும் தவிப்பைத்தான் அப்படிப் பாட்டாக்கினார். இது தெரிந்த பிறகு 'ட்ரான்ஸ்' கேட்டுப் பாருங்கள். வேறு ஆல்பமாகக் கேட்கும்!

ஜீவனாம்சமாக ஒரு ஆல்பம்! பாடகர் மார்வின் கே விவாகரத்து செய்தார். கையில் காசு இல்லை. அடுத்த ஆல்பத்தின் வருமானத்தில் 6 லட்சம் டாலர் மனைவி ஆனாவுக்கு என்று பேசி முடித்தார்கள். எப்படியும் பணம் அவருக்குத்தானே, ஏனோதானோ என்று எடுத்துத் தள்ளிவிடலாம் என்றுதான் மார்வின் முதலில் நினைத்தார்!

எழுத உட்கார்ந்ததும் எல்லாம் மாறிப்போனது. கல்யாணம், காதல், சந்தேகம், கோர்ட்டு, வக்கீல் செலவு... மொத்த வாழ்க்கையும் இரண்டு இசைத்தட்டில் கொட்டியது! 1978-ல் 'ஹியர், மை டியர்' வந்தது. பெரிதாக விற்கவில்லை. ஆனா வழக்குப் போடலாமா என்று யோசித்தார்!

அதே ஆல்பம் 2003-ல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் 500 தலைசிறந்த ஆல்பங்கள் பட்டியலில் இடம் பிடித்தது. இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்க நேரம் உண்டு என்றால், இதைக் கேளுங்கள்!

எல்விஸ் பிரெஸ்லி ஆல்பம். ஆனால் ஒரு பாட்டுகூட இல்லை! 1974-ல் வந்தது. மேடையில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அவர் பேசிய பேச்சு, அடித்த அரட்டை, இவை மட்டும்! அதுவும் கண்ட்ரி இசைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்துவிட்டது!

எல்டன் ஜான் பியானோவே தொடாத எல்டன் ஜான் ஆல்பமும் உண்டு. 1979, 'விக்டிம் ஆஃப் லவ்'. ஒரு பாட்டுகூட அவர் எழுதவில்லை. பாடிவிட்டுக் கிளம்பிவிட்டார். மொத்தம் எடுத்துக்கொண்டது 8 மணி நேரம்!

பாப் டிலன் பாடாத பாட்டோடு தொடங்கும் டிலன் ஆல்பம்? 1970, 'செல்ஃப் போர்ட்ரெய்ட்'. முதல் பாட்டு முழுக்கப் பெண்கள் குரல்தான்! அட்டைப்படம் மட்டும் டிலன் கையால் வரைந்தது!

அந்த ஆல்பத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட விமர்சகர் கிரீல் மார்கஸ். முதல் வரியிலேயே கெட்ட வார்த்தை! 43 வருடம் கழித்து, அதே காலத்துப் பதிவுகளை டிலன் கம்பெனி தொகுத்து வெளியிட்டது. உள்ளே வைக்கும் குறிப்புரையை எழுத யாரைக் கூப்பிட்டார்கள்? அதே கிரீல் மார்கஸை!

பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இன்று உலகமே கொண்டாடும் ஆல்பம். 1966-ல் அமெரிக்காவில் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. கம்பெனிக்குப் பதற்றம். இரண்டே மாதத்தில் பழைய ஹிட் பாட்டுகளைத் தொகுத்து இன்னொரு ஆல்பத்தை இறக்கிவிட்டது!

அடுத்து 'ஸ்மைல்'. குழுவின் பிரையன் வில்சன் வீட்டுக்குள்ளேயே மணலைக் கொட்டி, அதன் மேல் பியானோவை வைத்தார். காலில் மணல் பட்டால்தான் பாட்டு வரும்! நெருப்பைப் பற்றி ஒரு பாட்டு. வாசித்தவர்கள் தலையில் தீயணைப்பு வீரர்களின் தொப்பி! அந்த நாட்களில் அக்கம்பக்கத்தில் எங்கோ தீப்பிடித்ததாகக் கேள்விப்பட்டதும் பிரையன் நடுங்கிப் போனார்!

கம்பெனி அட்டையை முன்கூட்டியே அச்சடித்துவிட்டது. 4 லட்சத்து 66 ஆயிரம் அட்டை! ஆல்பம் வரவே இல்லை! பதிலுக்கு 1967-ல் அவசரமாக 'ஸ்மைலி ஸ்மைல்' வந்தது. அமெரிக்காவில் 41-வது இடம்!

2004-ல் பிரையன் வில்சன் 'ஸ்மைல்' ஆல்பத்தை முடித்துக் கையில் கொடுத்தார். வயது 60-ஐத் தாண்டியிருந்தது. காத்திருப்பு 37 வருடம்!

பிரின்ஸ் தன் ஆல்பத்தைத் தானே நிறுத்தியவர். 1987. கறுப்பு அட்டை. பெயர் இல்லை, படம் இல்லை. கடைக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது 'வேண்டாம்' என்றார். அழிக்கப்பட்டவை 5 லட்சம்!

கார்த் புரூக்ஸ் அமெரிக்க கண்ட்ரி இசையின் உச்ச நட்சத்திரம். 1999-ல் விக் மாட்டி, தாடி வைத்து, 'கிறிஸ் கெய்ன்ஸ்' என்ற கற்பனைப் பாடகராக மாறினார்! அந்த ஆளுக்கென்று பிறந்த ஊர், வாழ்க்கை வரலாறு எல்லாம் எழுதினார்கள். சினிமா வரப் போகிறது என்றார்கள். வரவே இல்லை!

'சாட்டர்டே நைட் லைவ்' டி.வி. நிகழ்ச்சியில் ஒரே இரவில் நடத்துநர் கார்த் புரூக்ஸ், பாட வந்த விருந்தாளி கிறிஸ் கெய்ன்ஸ்! ரசிகர்கள் குழம்பிப் போனார்கள். ஆனால் அமெரிக்க பாப் பட்டியலில் அவருக்குக் கிடைத்த ஒரே டாப் 10 பாட்டு, அந்த கிறிஸ் கெய்ன்ஸ் பாடியதுதான்!

யூ2 குழு 1997-ல் 'பாப்' ஆல்பத்தை முடிக்கும் முன்பே ஊர் ஊராகக் கச்சேரிக்குத் தேதி கொடுத்துவிட்டது. அரக்கப்பரக்க முடித்தார்கள். மேடையில் 40 அடி உயர எலுமிச்சம்பழம்! அதற்குள்ளிருந்து குழு இறங்கி வர வேண்டும். ஆஸ்லோவில் பழம் திறக்கவில்லை. நான்கு பேரும் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள்!

அதே யூ2 2014-ல் ஒரு ஆல்பத்தை 50 கோடி ஐடியூன்ஸ் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. கேட்காமலே கணக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது! கொதித்துவிட்டார்கள் மக்கள். அந்த ஆல்பத்தை நீக்குவதற்கென்றே ஆப்பிள் தனியாக ஒரு பக்கம் திறந்தது. பாடகர் போனோ மன்னிப்புக் கேட்டார்!

டேவிட் போவி 1987-ல் 'நெவர் லெட் மீ டவுன்' வெளியிட்டு, 60 அடி உயரச் சிலந்தியோடு மேடையேறினார். ஆல்பம் அவருக்கே பிடிக்கவில்லை. ஒரு பாட்டை மறுபதிப்புகளிலிருந்து வெட்டியே எறிந்தார்! அவர் மறைந்து இரண்டு வருடம் கழித்து, குரலை மட்டும் வைத்துக்கொண்டு பின்னணி இசையைப் புதிதாக வாசித்து வெளியிட்டார்கள்!

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1992-ல் ஒரே நாளில் இரண்டு ஆல்பம் இறக்கினார். அமெரிக்காவில் 2-வது இடம், 3-வது இடம். இரண்டையும் சேர்த்து மறித்து நின்றது டெஃப் லெப்பர்ட்!

நம் ஊர் விஞ்ஞானி ஒருவர் ஒரு அமெரிக்கப் பாட்டில் வருகிறார் தெரியுமா? ஜகதீஷ் சந்திர போஸ்! 1979-ல் ஸ்டீவி வொண்டர் வெளியிட்ட செடிகொடிகள் பற்றிய இரட்டை ஆல்பம். செடிக்கும் உயிர்த்துடிப்பு உண்டு என்று நம் போஸ் காட்டியதை அதில் பாட்டாகவே பாடியிருக்கிறார். 'வாயேஜ் டு இந்தியா' என்று ஒரு இசைத் துண்டும் உண்டு!

அது ஒரு படத்துக்குப் போட்ட இசை. ஸ்டீவி வொண்டருக்குப் பார்வை கிடையாது! பின் எப்படி? தயாரிப்பாளர் காட்சி காட்சியாக விவரித்துச் சொன்னார். ஒலிப்பதிவாளர் ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை விநாடி என்று அளந்து சொன்னார். காதில் வாங்கியே மொத்த இசையையும் முடித்தார்!

அதற்கு முந்தைய ஆல்பம் வரலாறு படைத்தது. மூன்று வருடம் காத்திருந்த ரசிகர்கள் கையில் செடிகொடிப் பாட்டு! முகம் சுளித்தார்கள். எனக்கோ அந்த ஆல்பத்தின் மீது தனிப் பிரியம். இவ்வளவு பெரிய நட்சத்திரம் ஒரு விதைக்காக இரண்டு இசைத்தட்டு செலவழித்திருக்கிறாரே!

அலானிஸ் மோரிசெட்டின் 1995 ஆல்பம் உலகம் முழுக்க 3 கோடிக்கும் மேல். ஓய்வெடுக்க இந்தியா வந்தார். திரும்பிப் போய் எழுதிய பாட்டில் இந்தியாவுக்கே நன்றி சொன்னார்! ஆனால் அந்த 1998 ஆல்பத்தின் விற்பனை, முந்தையதில் கால் பங்கைச் சுற்றித்தான்!

நம்ம ஏ.ஆர். ரகுமானும் மிக் ஜாகரும் ஒரே குழுவில் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? 2011. 'சூப்பர்ஹெவி'. கூடவே ஜாஸ் ஸ்டோன், டேவ் ஸ்டூவர்ட், பாப் மார்லியின் மகன் டேமியன்! 'சத்யமேவ ஜயதே' பாட்டில் மிக் ஜாகர் சமஸ்கிருதத்தில் பாடினார்! ஐந்து நட்சத்திரம் சேர்ந்தும் அமெரிக்காவில் முதல் 20-க்குள் வரவில்லை. ஒரே ஆல்பத்தோடு குழு நின்றுபோனது!

பாடகர் லெனார்ட் கோஹனின் 1984 ஆல்பத்தை, அமெரிக்காவில் வெளியிடவே மாட்டேன் என்று கம்பெனித் தலைவர் மறுத்துவிட்டார். அவர் ஒதுக்கித் தள்ளிய ஆல்பத்தில் இருந்த ஒரு பாட்டு எது தெரியுமா? 'ஹல்லேலூயா'!

2008 கிறிஸ்துமஸ். பிரிட்டன் பட்டியலில் அந்தப் பாட்டு முதலிடத்தில். இரண்டாம் இடத்திலும் அதே பாட்டு, வேறொருவர் குரலில்! கோஹன் பாடிய மூலப் பாட்டு 36-வது இடத்தில்!

பாடகி லிஸ் ஃபேரின் 2003 ஆல்பத்துக்கு 'பிட்ச்ஃபோர்க்' இசை இணையதளம் கொடுத்த மதிப்பெண் 0.0! எழுதிய விமர்சகர் 2019-ல் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்!

வீசர் குழுவின் 'பிங்கர்ட்டன்' 1996-ல் வெளியாவதற்கு முந்தைய நாள் கோர்ட்டு தடை! அதே பேரில் இருந்த ஒரு பாதுகாப்பு நிறுவனம் போட்ட வழக்கு. தடை நீங்கியது. அந்த வருடத்தின் மோசமான ஆல்பங்களில் ஒன்று என்று 'ரோலிங் ஸ்டோன்' வாசகர்கள் வாக்களித்தார்கள். 2004-ல் அதே பத்திரிகை கொடுத்தது முழு ஐந்து நட்சத்திரம்!

வில்கோ குழுவின் 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' தேறாது என்று அவர்களுடைய கம்பெனி சும்மாவே கொடுத்து அனுப்பிவிட்டது. இன்னொரு கம்பெனி காசு கொடுத்து வாங்கியது. இரண்டு கம்பெனிக்கும் முதலாளி ஒருவரே! ஒரே ஆல்பத்துக்கு இரண்டு தடவை பணம் போனது!

மரியா கேரியின் 'கிளிட்டர்' கடைக்கு வந்த தேதி எது தெரியுமா? 2001 செப்டம்பர் 11. ஆம், நியூயார்க் கோபுரங்கள் விழுந்த அதே நாள்! ஆல்பம் படுத்தது. அதே பேரில் வந்த அவருடைய படமும் படுத்தது. இனி எங்களுக்குப் பாடவே வேண்டாம் என்று சொல்லி, கம்பெனி அவருக்குக் கொடுத்து அனுப்பிய தொகை 2 கோடியே 80 லட்சம் டாலர்!

2018 நவம்பரில் ரசிகர்கள் கிளம்பினார்கள். 'கிளிட்டருக்கு நீதி வேண்டும்' என்று இணையம் முழுக்க முழக்கம். ஆளாளுக்குக் காசு கொடுத்து வாங்கினார்கள். 17 வருடம் கழித்து, அமெரிக்க ஐடியூன்ஸ் பட்டியலில் அந்த ஆல்பம் பிடித்த இடம், 1!